12345678987654321: ஏறி இறங்கும் எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றில் தொடங்கி ஒன்பது வரை ஏறி, அதே படிகளில் மறுபடியும் ஒன்றுக்கு இறங்கும் 17 இலக்க எண் இது. பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கரும்பலகையில் இந்த எண்ணை எழுதிய நாள்களில், மணி அடித்த பிறகும் இரண்டு மூன்று பிள்ளைகள் மேசையருகே நின்று எதையாவது கேட்காமல் போனதில்லை. அவர்கள் கேட்டவற்றையும், பிறகு அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டம் போட்ட தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. இதில் உள்ள பெரும்பாலானவற்றை நீங்களே கையால் போட்டுப் பார்த்துவிடலாம்.

இவ்வளவு பெரிய எண்ணை எப்படி வாசிப்பது?

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 12,34,56,78,98,76,54,321. கோடியை அலகாக வைத்துக்கொண்டால் நாக்கு தடுமாறாது: 123 கோடியே 45 லட்சத்து 67 ஆயிரத்து 898 கோடியே 76 லட்சத்து 54 ஆயிரத்து 321. ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி, அதைப்போல் 123 மடங்குக்குச் சற்று மேல் என்று நினைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு ஒன்று வீதம் எண்ணத் தொடங்கினால், முடிக்க ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகள் ஆகும்.

இருவழி ஒக்கும் எண் என்றால் என்ன?

இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் மாறாத எண். 121, 4554, 69696 எல்லாம் அந்த வகை. சொற்களில் ‘விகடகவி’யை எல்லாரும் சொல்வார்கள். செய்யுளில் இதற்கு மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியிருக்கிறார். எண்ணில் இப்படி ஒன்றை உருவாக்குவது செய்யுளைவிட மிக எளிது. முதல் பாதியை விருப்பம்போல் எழுதிவிட்டு, அதைத் திருப்பி எழுதினால் முடிந்தது. 17 இலக்கத்தில் முதல் ஒன்பது இலக்கங்களை முடிவுசெய்துவிட்டால் மற்ற எட்டும் தாமாக அமைந்துவிடும். ஆகவே 17 இலக்க இருவழி எண்கள் மொத்தம் 90 கோடி இருக்கின்றன.

90 கோடி எண்களில் இதற்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு?

மற்றவற்றில் பெரும்பாலானவை நாம் திருப்பி எழுதியதால் இருவழி எண்கள் ஆனவை. இதை யாரும் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஒரு சாதாரணப் பெருக்கலிலிருந்து தானாக இந்த வடிவத்தில் வந்து விழுகிறது. ஒன்பது ஒன்றுகளை எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள்:

111111111 × 111111111 = 12345678987654321

இந்த ஒரு வரிதான் இந்த எண்ணின் பிறப்புச் சான்றிதழ். இதன் மற்ற பண்புகள் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்து வருகின்றன.

ஏன் அப்படி வருகிறது? மாயம்போல் இருக்கிறதே?

சிறிதாகத் தொடங்குவோம்.

1 × 1 = 1
11 × 11 = 121
111 × 111 = 12321
1111 × 1111 = 1234321

கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டத்தாளில் பள்ளியில் போட்டதுபோலவே நீள்பெருக்கல் போடுங்கள். 1111 என்ற எண்ணை ஒன்றால் பெருக்கினால் 1111 தான். அடுத்த வரியில் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி மறுபடியும் 1111. அடுத்து இன்னொரு கட்டம் தள்ளி 1111. இன்னும் ஒன்று தள்ளி 1111. நான்கு வரிகளும் சாய்ந்த படிக்கட்டுபோல் நிற்கும். இப்போது நெடுக்காகப் பாருங்கள். வலக்கோடியில் உள்ள நெடுவரிசையில் ஒரே ஒரு ஒன்று இருக்கும். அதற்கு இடப்பக்கம் இரண்டு, அடுத்து மூன்று, நடுவில் நான்கு. அதைத் தாண்டினால் மூன்று, இரண்டு, ஒன்று. கூட்டினால் 1234321.

விடையில் உள்ள ஒவ்வோர் இலக்கமும் அந்த நெடுவரிசையில் நிற்கும் ஒன்றுகளின் எண்ணிக்கைதான். படிக்கட்டின் வடிவம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் எண்ணிக்கையும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது. ஒன்பது வரி போட்டால் நடு நெடுவரிசையில் ஒன்பது ஒன்றுகள் இருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எந்த நெடுவரிசையின் கூட்டலும் ஒன்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பள்ளியில் ‘இனமாற்றம்’ என்று சொல்லிக்கொடுப்பதைச் செய்ய வேண்டும். வீட்டில் ‘கையில் ஒன்று’ என்பார்கள். அந்தக் கையில் ஒன்று எப்போதும் இடப்பக்கம்தான் போகும், வலப்பக்கம் போகாது. இடவலச் சமநிலையைக் குலைப்பது அதுதான். நம் எண்ணின் அழகு முழுவதும் இனமாற்றம் ஒருமுறைகூட நேராததால் வந்தது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகளிலும் இதே விஷயம் திரும்பத் திரும்ப எட்டிப்பார்ப்பதைக் கவனியுங்கள்.

பத்து ஒன்றுகளைப் பெருக்கினால் என்ன ஆகும்?

மாலை அறுந்துவிடும். எப்படி அறுகிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்பது பயனுள்ளது.

பத்து வரிப் படிக்கட்டில் நெடுவரிசைக் கூட்டல்கள் வலமிருந்து 1, 2, 3 என ஒன்பது வரை ஏறும். வலப்பாதி 987654321 என்று சிக்கலில்லாமல் அமைந்துவிடும். நடு நெடுவரிசையில் பத்து. 0 எழுதி, கையில் ஒன்று. அடுத்த நெடுவரிசையில் ஒன்பது இருக்கிறது. கையில் உள்ள ஒன்றைச் சேர்த்தால் பத்து. மறுபடியும் 0 எழுதி, கையில் ஒன்று. அடுத்து எட்டு, ஒன்றைச் சேர்த்தால் ஒன்பது. அங்கே தொல்லை நின்றுவிடுகிறது. மிச்சம் 7, 6, 5, 4, 3, 2, 1 அப்படியே.

1111111111 × 1111111111 = 1234567900987654321

இடப்பாதியில் 8 காணாமல் போய்விட்டது. ஒன்பதுக்குப் பிறகு இரண்டு பூஜ்யங்கள். இந்தத் தொடரில் இருவழி எண்ணாக நிற்கும் கடைசிப் படி ஒன்பது ஒன்றுகள்தான்.

12345679 என்ற எண்ணிலும் 8 இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பே உண்டு. இதைக் கண்டுபிடித்துக் கேட்ட மாணவியை நான் மறக்கவில்லை.

12345679 × 9 = 111111111. ஆகவே நம் எண் என்பது 12345679 இன் வர்க்கத்தை 81ஆல் பெருக்கியது: 152415789971041 × 81.

8 ஏன் இல்லை? 1ஐ 9ஆல் வகுத்தால் 0.1111… என்று ஒன்றுகள் முடிவில்லாமல் வரும். அதை அதனாலேயே பெருக்கினால் 81இல் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். முன்பு போட்ட படிக்கட்டையே முடிவில்லாமல் நீட்டினால், நெடுவரிசைகளில் 0, 1, 2, 3, … 8, 9, 10, 11 என்று கூட்டல்கள் வரும். பத்து வந்த இடத்தில் கையில் ஒன்று ஒன்பதுக்குப் போகிறது, ஒன்பது பத்தாகி, கையில் ஒன்று எட்டுக்குப் போகிறது, எட்டு ஒன்பதாகிவிடுகிறது. எனவே 1 ÷ 81 = 0.012345679012345679… பத்து ஒன்றுகளின் வர்க்கத்தில் எட்டை விழுங்கிய அதே இனமாற்றம்தான் இங்கேயும் விழுங்கியிருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரு துணைக்கணக்கும் இதில் உண்டு. 12345679ஐ 63ஆல் பெருக்கினால் 777777777. வேறு இலக்கம் வேண்டுமானால், விரும்பிய இலக்கத்தை ஒன்பதால் பெருக்கி, அந்த எண்ணால் 12345679ஐப் பெருக்குங்கள்.

ஒன்றுகள் மட்டும்தானா? வேறு எண்களின் வர்க்கமும் இருவழி எண்ணாக வருமா?

வரும். இருவழி எண் ஒன்றை எடுத்து, அதன் இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். கூட்டல் 9 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணின் வர்க்கமும் இருவழி எண்ணாக இருக்கும். 212ஐப் பாருங்கள்: 4 + 1 + 4 = 9. 212 × 212 = 44944. அடுத்து 11211: 1 + 1 + 4 + 1 + 1 = 8. அதன் வர்க்கம் 125686521. மாறாக 131இல் 1 + 9 + 1 = 11; அதன் வர்க்கம் 17161, திருப்பினால் ஒக்காது.

காரணம் பழைய காரணம்தான். இருவழி எண்ணை அதனாலேயே பெருக்கும்போது நடு நெடுவரிசையின் கூட்டல் இலக்க வர்க்கங்களின் கூட்டலுக்குச் சமம். மற்ற நெடுவரிசைகள் எதுவும் அதை மிஞ்சாது. நடுவில் இனமாற்றம் இல்லையென்றால் எங்குமே இல்லை. ஒன்பது ஒன்றுகளுக்கு அந்தக் கூட்டல் சரியாக ஒன்பது. அனுமதிக்கப்பட்ட எல்லையின் விளிம்பிலேயே நம் எண் நிற்கிறது.

இனமாற்றம் நடந்தும் இருவழி எண்ணாக வருபவையும் சில உண்டு. 26இன் வர்க்கம் 676, 264இன் வர்க்கம் 69696, 836இன் வர்க்கம் 698896. இவற்றில் மூல எண்களே இருவழி எண்கள் அல்ல. கனத்தில் 2201 என்ற எண் இன்னும் வியப்பானது. அதன் கனம் 10662526601. தான் இருவழி எண்ணாக இல்லாமல், தன் கனம் மட்டும் இருவழி எண்ணாக அமைந்த வேறோர் எண் இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.

இது பகா எண்ணா? இதன் காரணிகள் எவை?

ஒரு முழு எண்ணின் வர்க்கம் என்பதால் பகா எண்ணாக இருக்க வழியில்லை. பகாக் காரணிகளாகப் பிரித்தால் இப்படி வரும்:

12345678987654321 = 3⁴ × 37² × 333667²

மூன்றே பகா எண்கள். இவற்றில் 333667 தனிக் குணம் கொண்டது. 1ஐ 333667ஆல் வகுத்தால் 000002997 என்ற ஒன்பது இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். தசமத்தில் ஒன்பது இலக்கச் சுற்று கொண்ட பகா எண் இது ஒன்றே. 37க்கு மூன்று இலக்கச் சுற்று: 0.027027… அதிலும் 37 தனி. மூன்று இலக்கச் சுற்றுக்கு வேறு பகா எண் கிடையாது.

மொத்தக் காரணிகளின் எண்ணிக்கையை அடுக்குகளிலிருந்து கணக்கிடலாம்: 5 × 3 × 3 = 45. வர்க்க எண்ணுக்குக் காரணிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை என்பதும் இதில் சரியாக வருகிறது.

இந்த 45 காரணிகளையும் ஒரு விடுமுறை நாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அவற்றில் 21 எண்கள் இருவழி எண்கள்! ஏறத்தாழப் பாதி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. சிறியவை 1, 3, 9, 111, 333, 999, 12321, 36963. நடுவில் 1001001, 3003003, 9009009, 111111111, 333333333, 999999999. பெரியவற்றைப் பெருக்கலாகவே காட்டிவிடுகிறேன். கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் விடை நம் எண்தான்:

37 × 333666999666333
111 × 111222333222111
12321 × 1002003002001
1001001 × 12333333321
333667 × 36999999963

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வரிகளை மறுபடியும் பாருங்கள். இருவழி எண்ணை இருவழி எண்ணால் பெருக்கினால் இருவழி எண். மாலையைப் பிரித்தால் உள்ளே சிறு மாலைகள். மேலே சொல்லாமல் விட்ட ஒன்று 3006009006003. அதையும் நம் எண்ணையும் சேர்த்துக்கொண்டால் 21 ஆகிவிடும்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 81 வருகிறது. அதனால்தான் 81ஆல் வகுபடுகிறதா?

இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. இலக்கக் கூட்டுத்தொகை விதி 3க்கும் 9க்கும் மட்டுமே செல்லும். 27க்கும் 81க்கும் செல்லாது. 1899இன் இலக்கக் கூட்டல் 27, ஆனால் அது 27ஆல் வகுபடாது; 27 × 70 = 1890 போக 9 மிஞ்சும். நம் எண் 81ஆல் வகுபடுவதற்குக் காரணம் வேறு: 111111111 ஒன்பதால் வகுபடுகிறது, ஆகவே அதன் வர்க்கம் ஒன்பதின் வர்க்கத்தால் வகுபடுகிறது.

கூட்டுத்தொகை 81 வந்ததற்கும் காரணம் உண்டு. படிக்கட்டில் ஒன்பது வரி, வரிக்கு ஒன்பது ஒன்றுகள், மொத்தம் 81 ஒன்றுகள். இனமாற்றம் இல்லாததால் அந்த 81ம் குறையாமல் விடையின் இலக்கங்களில் வந்து சேர்கின்றன. நம் எண்ணை அதன் இலக்கக் கூட்டுத்தொகையால் பெருக்கினால் 999999998000000001. அது 999999999இன் வர்க்கம்.

7, 11, 13 ஆகியவற்றால் வகுபடுமா?

எதனாலும் வகுபடாது. 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் மீதி 1, 13ஆல் வகுத்தால் மீதி 10. பதினொன்றைப் பற்றி ஒரு செய்தி: இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் கொண்ட இருவழி எண் எதுவாக இருந்தாலும் அது 11ஆல் வகுபடும். 4554, 698896 போட்டுப் பாருங்கள். அதனால் இரட்டைப்படை இலக்கங்கள் கொண்ட இருவழிப் பகா எண் 11 ஒன்றுதான். நம் எண்ணுக்கு 17 இலக்கம் என்பதால் அந்த விதி பொருந்தாது.

வடிவியலில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பண்பே இதுதான். கர்ணம் 111111111 ஆக உள்ள செங்கோண முக்கோணம் ஒன்றை முழு எண் பக்கங்களோடு வரைய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும். மற்ற இரண்டு பக்கங்கள் 36036036, 105105105.

இது எங்கிருந்து வந்தது? 12, 35, 37 என்பது தெரிந்த பிதாகரஸ் மும்மை: 144 + 1225 = 1369. 37 நம் எண்ணின் பகாக் காரணி. 111111111 ÷ 37 = 3003003. அதனால் 12ஐயும் 35ஐயும் 3003003ஆல் பெருக்கினால் மேற்கண்ட பக்கங்கள் கிடைக்கின்றன. இன்னொரு முக்கோணம் உண்டா என்றால், இல்லை. கர்ணமாக நின்று முக்கோணம் தர வல்லவை நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகாக் காரணிகள் மட்டுமே. 3க்கும் 333667க்கும் மீதி 3. மீதி 1 தருவது 37 மட்டும். ஆகவே முக்கோணம் ஒன்றே ஒன்று.

இந்த எண்ணை முதலில் கவனித்தவர் யார்?

இதே 17 இலக்க எண்ணை முதலில் எழுதியவர் இன்னார் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் இதன் தம்பியைப் பற்றி உறுதியான சான்று இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரர், தம் கணித சார சங்கிரகத்தில் 12345654321 என்ற எண்ணைத் தருகிறார். ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி, பின்பு முறையே குறையும் எண் என்பது அவருடைய வருணனை. அது ஆறு ஒன்றுகளின் வர்க்கம்.

பெருக்கலுக்குப் பயிற்சியாக இப்படி அழகான விடை வரும் கணக்குகளை அவர் தொகுத்திருக்கிறார். அவற்றைக் கழுத்தில் அணியும் மாலையாகவே சொல்கிறார். 27994681ஐ 441ஆல் பெருக்கினால் 12345654321. 152207ஐ 73ஆல் பெருக்கினால் 11111111. மேலே பார்த்த 12345679 × 9 என்பதும் அந்த வரிசையில் இருக்கிறது. தமிழில் செய்யுளுக்கு மாலைமாற்று என்று பெயர் வைத்தவர்களும், கன்னட நாட்டில் எண்ணுக்கு மாலை என்று பெயர் வைத்தவரும் ஒரே உருவகத்தைத் தொட்டிருப்பது எனக்கு மனநிறைவு தருகிறது. இந்த நூலை எம். ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க, 1912இல் சென்னையில் அரசு அச்சகம் வெளியிட்டது.

எக்செலில் போட்டால் 12345678987654300 என்று வருகிறது. எது சரி?

நீங்கள் சரி, எக்செலின் விடை தோராயமானது. அது ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். பதினாறாவதும் பதினேழாவதும் பூஜ்யமாகிவிடும். இருவழி எண்ணுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை; கடைசி இரண்டு இலக்கங்கள் போனால் முதல் இரண்டுக்குத் துணை இல்லாமல் போய்விடுகிறது.

உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கணக்கிட்டால் 12345678987654320 என்று வரும். இங்கே பிழை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதன் காரணம் சுவையானது. இந்த வகைக் கணக்கீட்டில் எண்கள் 53 இரும இலக்கத் துல்லியத்தோடு சேமிக்கப்படுகின்றன. 9007199254740992 வரை எல்லா முழு எண்களும் பிழையில்லாமல் நிற்கும். அதைத் தாண்டியதும் இரட்டைப்படை எண்களுக்கு மட்டுமே இடம். நம் எண் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது, ஒற்றைப்படை வேறு. …320க்கும் …322க்கும் சரிநடுவில் மாட்டிக்கொண்டு, முழுமையாக்கும் விதிப்படி …320 ஆகிவிடுகிறது.

பைத்தான் மொழியில் முழு எண்களுக்கு இந்த வரம்பு இல்லை. சரியான விடை வரும். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் 111111111 என்று உள்ளிடவே முடியாது. கட்டத்தாளில் கையால் போட்டால் பத்து நிமிடம் ஆகும், விடை பிசகாது.

இதைப்போலவே இருந்து, பகா எண்ணாகவும் உள்ளவை உண்டா?

உண்டு. நடுவில் ஒன்பதோடு திரும்பாமல் பத்து வரை ஏறி இறங்குங்கள்: 12345678910987654321. இந்த 20 இலக்க எண் ஒரு பகா எண். இலக்கம் இலக்கமாகத் திருப்பினால் நடுவில் உள்ள 10 என்பது 01 ஆகிவிடும் என்பதால் இது முழு இருவழி எண் அல்ல. ஆனாலும் ஒன்பதில் திரும்பியது வர்க்க எண், பத்தில் திரும்பியது பகா எண் என்பது எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புத் தருவது.

ஒன்றுகளால் மட்டும் ஆன எண்களில் 2, 19, 23, 317, 1031 இலக்கங்கள் கொண்டவை பகா எண்கள். 1031 ஒன்றுகள் கொண்டதை 1986இல் ஹியூ வில்லியம்ஸும் ஹார்வி டப்னரும் நிறுவினார்கள். அவையெல்லாம் இருவழி எண்களே. 1000000000000066600000000000001 என்ற 31 இலக்க இருவழிப் பகா எண்ணும் பலருக்குத் தெரிந்தது. ஒன்றுக்கும் 666க்கும் இடையில் இரு பக்கமும் 13 பூஜ்யங்கள். 13, 666 இரண்டையும் மேலைநாடுகளில் தீய எண்களாகக் கருதுவதால், கிளிஃபோர்ட் பிக்கோவர் இதற்கு பெல்ஃபிகோர் என்ற பேயின் பெயரை வைத்தார்.

பத்தடிமானத்தை விட்டு வேறு அடிமானத்தில் எழுதினால்?

எத்தனை சேர்ந்தால் கையில் ஒன்று அடுத்த இடத்துக்குப் போகிறதோ, அதுவே அடிமானம்; நாம் வழக்கமாக எழுதுவது பத்தடிமானம். இருவழித்தன்மை எண்ணுக்குச் சொந்தமானது அன்று, எழுதும் முறைக்குச் சொந்தமானது. 89755965649 என்ற எண்ணைப் பாருங்கள். இதில் எந்த ஒழுங்கும் தெரியாது. இது 299593இன் வர்க்கம். இதையே எட்டடிமானத்தில் எழுதினால் 1234567654321. 299593 எட்டடிமானத்தில் ஏழு ஒன்றுகள். எட்டடிமானத்தில் இனமாற்றம் எட்டில் தொடங்குவதால் படிக்கட்டு ஏழோடு நின்றுவிடுகிறது. பதினாறடிமானத்தில் பதினைந்து படி ஏறலாம். நமக்குக் கையில் பத்து விரல் இருந்ததால் ஒன்பது படி வாய்த்தது.

இருவழி எண்களில் இன்னும் விடை தெரியாத கேள்வி ஏதாவது இருக்கிறதா?

மிக எளிமையான ஒன்று இருக்கிறது. ஓர் எண்ணை எடுத்து, அதைத் திருப்பி எழுதி, இரண்டையும் கூட்டுங்கள். இருவழி எண் வரும்வரை தொடருங்கள். 56 + 65 = 121, ஒரே படியில் முடிந்தது. 89க்கு 24 படிகள் தேவை. கடைசியில் 8813200023188 வரும். 196இல் தொடங்கினால்? கணினிகள் பல கோடி இலக்கங்கள் வரை போட்டுப் பார்த்தும் இருவழி எண் வரவில்லை. வரவே வராது என்றும் யாரும் நிறுவவில்லை.

தீர்க்கப்பட்ட கேள்வி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எந்த நேர்ம முழு எண்ணையும் அதிகபட்சம் மூன்று இருவழி எண்களின் கூட்டலாக எழுதலாம். ஹவியர் சில்லெருயேலோ, ஃப்ளோரியன் லூகா, லூயிஸ் பாக்ஸ்டர் மூவரும் இதை நிறுவிய கட்டுரை 2018இல் வெளிவந்தது.

ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து என்ன கொடுக்கலாம்?

விடையைச் சொல்லாமல் படிக்கட்டை மட்டும் கொடுங்கள். கட்டத்தாளில் 111ஐயும் 11111ஐயும் பெருக்கச் சொல்லுங்கள். விடை 1233321. உச்சியில் ஒரு கூர்முனைக்குப் பதிலாக ஏன் மூன்று மூன்றுகள் சமதளமாக நிற்கின்றன என்று கேளுங்கள். அடுத்து, பெருக்கிப் பார்க்காமலே 1111 × 1111111 என்னவாக இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். சமதளத்தில் எத்தனை நான்குகள் வரும் என்பதை எண்ணிச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு, பத்து ஒன்றுகளின் வர்க்கத்தில் எட்டு எங்கே போனது என்ற கேள்வியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.